புள்ளிப் பொருத்தம்

ஈரோட்டில் எந்தப் பள்ளிக்குப் போனாலும், ஒவ்வொரு வகுப்பிலும் கதவோரமாக ஒரு பெஞ்சு காலியாகக் கிடக்கும். காலை பத்தே முக்கால் வரைக்கும்தான். அதற்கு மேல் இரண்டு மூன்று பிள்ளைகள் ஆடி அசைந்து வந்து அதில் உட்காருவார்கள். ஆசிரியர் ஒன்றும் கேட்கமாட்டார். அதற்கு மந்தப் பெஞ்சு என்று பெயர். காலையில் உடம்பு வளையாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளியும் பெரிய மனது பண்ணி ஒதுக்கிய இடம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தால், உள்ளூர்க்காரர்கள் ‘எங்க பக்கத்துக் கொழந்தைங்க கொஞ்சம் சொகுசுங்க’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆறு வயது காத்தாயி ஆடி மாதத்திலிருந்து அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறாள். 2071ஆம் ஆண்டில் பழைய பெயர்கள்தான் நாகரிகம் என்பதால் குழந்தைக்கு அந்தப் பெயர். அவளைப் பெற்றவர்கள் பெயர் தன்விகா, கவினேஷ் என்று கொஞ்சம் பழசாகிப்போயிருந்தது.

எழுந்ததும் காத்தாயிக்கு வலது முழங்காலை நீட்ட வராது. கவினேஷ் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவான், வெந்நீர் ஊற்றுவான், பல் தேய்த்துவிடுவான். பிறகு மஞ்சள் மண்டிக்குத் தாமதமாக வேலைக்குப் போய் வழக்கம்போல மேலாளரிடம் பேச்சு வாங்குவான். பதினோரு மணிக்கு மேல் அதே காத்தாயி பள்ளி முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். அதனால்தான் அவளை யாரும் நம்பவில்லை. பெற்றவளுக்கே அவ்வப்போது சந்தேகம் வந்தது, பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாளோ என்று.

மருந்துக் கடை வாசலில் நிற்கும் ‘நோய்காணி’ இயந்திரத்திடம் தன்விகா குழந்தையை மூன்று முறை கூட்டிப்போனாள். அது முழங்காலைப் பார்ப்பதற்கு முன் அவள் நீட்டிய பதிவு அட்டையைத்தான் பார்த்தது. பதிவில் ‘நிவர்த்தி வீட்டுக் குழந்தை’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. அவ்வளவுதான். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: ‘வளர்ச்சி வலி. வெந்நீர் ஒத்தடம் போதும்.’

நிவர்த்தி என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் மரபுநோக்கி என்ற கருவி வந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கொடுத்தால், பதினோரு நிமிடத்தில் மரபணுவில் நான்கு இடங்களை அது படித்துவிடும். அந்த இடங்களில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், உடம்பின் காவல் அணுக்கள் புத்தி கெட்டுப்போய்ச் சொந்த மூட்டுகளையே அந்நியன் என்று நினைத்து அடிக்க வாய்ப்பு கூடுதல். அப்படி அடிப்பதைத்தான் குழந்தை மூட்டழற்சி என்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் அம்மா கொடுத்த பிரதி ஒன்று, அப்பா கொடுத்த பிரதி ஒன்று. ஆக மொத்தம் எட்டு மாற்றம் வரை போகலாம். மாற்றம் ஒவ்வொன்றையும் மருத்துவர்கள் ஒரு புள்ளி என்று எண்ணினார்கள். புள்ளி கூடுதலாக உள்ள குழந்தையை அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பது, வீக்கம் தெரிந்தால் உடனே மருந்தைத் தொடங்குவது, இவ்வளவுதான் ஏற்பாடு. அருமையான ஏற்பாடு.

ஆனால் நம்மவர்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைச் சாதகத்தில் எழுதாமல் விடுவார்களா? ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே புள்ளியும் ஏறியது. பத்துப் பொருத்தம் பதினொன்றானது. புள்ளி உள்ள பெண்ணை, புள்ளி இல்லாத வீட்டில் வேண்டாம் என்றார்கள். கல்யாணம் நின்றுபோனவர்கள் அழுதார்கள். அப்போதுதான் சோதிடப் பொறியாளர்கள் கைகொடுத்தார்கள். செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷத்தைச் சேர்த்தால் தோஷம் கழியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. புள்ளிக்கும் அதேதான். மாப்பிள்ளைக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று என்றால் ஒன்றையொன்று கழித்துச் சுழியம். தோஷம் நிவர்த்தி. அதற்கு ஒரு சான்று. நிவர்த்தி வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு எதற்குக் குதிகாலில் ஊசி என்று திருமண மையங்களெல்லாம் சேர்ந்து கேட்டதில், சோதனை கட்டாயமில்லை என்றும் ஆகிவிட்டது.

தன்விகாவும் கவினேஷும் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். ஆளுக்கு மூன்று. தன்விகாவை அதற்கு முன் இரண்டு வீட்டார் பார்த்துவிட்டு, புள்ளியைக் கேட்டதும் பஜ்ஜியைக்கூட முழுதாகத் தின்னாமல் எழுந்து போயிருந்தார்கள். கவினேஷ் தின்றான். ‘இன்னும் ரெண்டு குடுங்க’ என்றும் கேட்டான். அந்தக் கணத்தில் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஏழு வருடமாக அந்தப் பிடிப்பு குறையவில்லை.

அதைவிட வேடிக்கை, அவள் வேலை பார்ப்பதே சுபயோக வரன் மையத்தில்தான். ‘பொருத்தகம்’ என்ற பொருத்தம் பார்க்கும் இயந்திரத்தை இயக்குபவள் அவள். ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு நிவர்த்திச் சான்று அச்சடித்துக் கொடுத்த கை அவளுடையது.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காத்தாயி தம்ளரைத் தாண்டித் தரையில் பாலை ஊற்றினாள். தன்விகா திட்டப்போனவள், ஏதோ தோன்றி, குழந்தையின் வலது கண்ணைக் கையால் பொத்தினாள்.

“சுவத்துல இருக்கற காலண்டர்ல என்ன எழுதியிருக்கு, படி கண்ணு.”

“பொகையா இருக்குதும்மா.”

இடது கண்ணைப் பொத்தியதும் கடகடவென்று படித்தாள். அன்று மதியமே தன்விகா அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனாள். பதிவு அட்டை தொலைந்துவிட்டது என்று வரவேற்பில் துணிந்து பொய் சொன்னாள். அட்டையைக் காட்டினால் வெந்நீர் ஒத்தடம்தான் கிடைக்கும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

டாக்டர் ஷப்னம் முப்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். பதிவு இல்லாத குழந்தை என்பதால் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பார்த்தார்.

“காலைல எந்திரிச்சதும் எவ்வளவு நேரம் கால் நீட்டமாட்டா?”

“மூணு மணி நேரமுங்க டாக்டர். அப்புறம் நல்லா ஓடுவா. அதனாலதான் யாரும் நம்பறதில்லீங்க.”

“இந்த நோயோட குணமே அதுதாங்க. ஓய்வெடுத்தா இறுகும், அசைஞ்சா இளகும். உங்க கையை இப்படிக் குடுங்க. ரெண்டு முட்டிலயும் ஒரே நேரத்துல வைங்க.”

தன்விகா வைத்தாள். வலது முழங்கால் வெதுவெதுப்பாக இருந்தது, இடது குளிர்ந்திருந்தது. ஐந்து மாதமாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் இப்படி இரண்டையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்து ஒளிக்கீற்றி. கண்ணுக்குள் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி. டாக்டர் பார்த்துவிட்டுத் தன்விகாவையும் பார்க்கச் சொன்னார். சன்னல் வெயிலில் தூசி மிதக்குமே, அதுபோல இடது கண்ணின் வெளிச்சத்தில் துகள்கள் மிதந்தன.

“அது தூசியில்லீங்க, அழற்சி அணுக்கள். மூட்டுல நடக்கற சண்டை கண்ணுக்குள்ளயும் நடக்குது. வலிக்காது, சிவக்காது, ஓசைப்படாம பார்வையைக் கொண்டுபோயிரும். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா அந்தக் கண்ணை மீட்டுத் தர முடியுமான்னு நான் சொல்லியிருக்க முடியாது. இப்ப முடியும்.”

“முடியுமுங்களா?”

“முடியும். இன்னைக்கே தொடங்கிரலாம்.”

தன்விகா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பதினோரு நிமிடத்தில் மரபுநோக்கியின் முடிவு வந்தது. ஆறு புள்ளி.

“அது எப்படிங்க டாக்டர்? எனக்கும் மூணு, அவருக்கும் மூணு. கழிஞ்சு சுழியம்தானுங்க?”

டாக்டர் ஷப்னம் முதலில் சிரித்தார். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“யாரு சொன்னா கழியும்னு? நம்மகிட்ட இருக்கறதுல பாதியைத்தான் பிள்ளைக்குக் குடுக்கறோம். எந்தப் பாதி போகுதுங்கறது நம்ம கையில இல்ல. உங்க பாதியோட மூணு புள்ளியும் போயிருக்கு, உங்க வீட்டுக்காரர் பாதியோடயும் மூணு போயிருக்கு. கூட்டினா ஆறு. இதே வீட்ல ஒரு புள்ளிகூட இல்லாத குழந்தையும் பிறந்திருக்கலாம்.”

“ஆறுன்னா வந்தே தீருமுங்களா?”

“அதுவும் இல்லீங்க. ஆறு புள்ளி இருக்கற நூறு குழந்தைங்கள்ல நாலு பேருக்கு வரும். மீதிப்பேர் ஜம்முனு ஓடிட்டிருப்பாங்க. புள்ளியே இல்லாம ஆயிரத்துல ஒருத்தருக்கும் வரும். புள்ளி நோய் கிடையாது. யாரை உன்னிப்பா பார்க்கணும்னு எங்களுக்குக் காட்டுது, அவ்வளவுதான். உங்க குழந்தையை யாரும் பார்க்கவே இல்ல, அதுதான் தப்பாப்போச்சு.”

காவல் அணுக்களின் கோபத்தைத் தணிக்கும் ஊசி, வாரத்துக்கு ஒன்று. அதன் பெயரே தணிப்பூசி. கண்ணுக்குச் சொட்டு மருந்து. காத்தாயி ஊசிக்கு அழவில்லை, ஆனால் சொட்டு மருந்துக்கு ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதாள்.

திரும்பி வரும் பேருந்தில் தன்விகாவுக்கு உட்கார முடியவில்லை. மந்தப் பெஞ்சு மனதில் வந்து நின்றது. காத்தாயி வகுப்பில் மூன்று பேர். பக்கத்து வகுப்பில் இரண்டு. ஈரோடு முழுக்க, பவானி, கோபி, பெருந்துறை முழுக்க, எத்தனை பெஞ்சு? சொகுசுக் குழந்தைகள் என்று எத்தனை பேரைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணியிருக்கிறோம்? ஊசி குத்தாத அந்த நிவர்த்தி வீடுகளின் விலாசமெல்லாம் எங்கே இருக்கிறது? அவளுடைய பொருத்தகத்துக்குள்தான் இருக்கிறது. முப்பது வருடத்தில் முப்பத்தெட்டாயிரம் நிவர்த்திக் கல்யாணங்கள். வீட்டுக்குப் போகாமல் குழந்தையோடு நேராக மையத்துக்குப் போனாள்.

மைய உரிமையாளர் லோகித், சோதிடப் பொறியியலில் பட்டம் பெற்றவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இதை வெளிய சொன்னா மையம் பேர் நாறிப்போயிரும் அம்மிணி.”

“சொல்லலீன்னா கொழந்தைங்களுக்குக் கண்ணு போயிருமுங்கண்ணா.”

“எல்லாத்துக்குமா போகுது? ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

தன்விகா காத்தாயியைத் தூக்கி அவர் மேசைமேல் உட்காரவைத்தாள்.

“அந்த ஒண்ணு இதுங்கண்ணா. மீதி எத்தனைன்னு எண்ணிப் பாத்துரலாம்.”

லோகித் குழந்தையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அது போதும் என்று தன்விகா முப்பத்தெட்டாயிரம் வீட்டுக்கும் ஒரே ஒரு கேள்வியை அனுப்பினாள்: ‘காலையில் எழுந்ததும் உங்கள் குழந்தை எப்படி நடக்கிறது?’

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பதில். பிறகு நான்கு. பிறகு பொருத்தகத்தின் திரை நிற்காமல் ஓட ஆரம்பித்தது. ‘படி இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவான்.’ ‘பேனா மூடி திறக்க வராது, நாங்கள் அடிப்போம்.’ ‘எழுப்பினால் அழுவாள், சோம்பேறி என்று சொல்லுவோம்.’ ‘ஏன் கேட்கிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள்?’ சாயங்காலத்துக்குள் ஆயிரத்து நூறு வீடுகள். லோகித் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பதில்களை ஊர்வாரியாகப் பிரிக்கத் தொடங்கினார். மனிதர் கெட்டவர் இல்லை, கணக்குதான் தப்பு.

அடுத்த வாரம் நடந்ததை ஈரோடு சுலபத்தில் மறக்காது. அத்தனை குழந்தைகளை ஒரே இடத்தில் பார்க்க மருத்துவமனையில் இடமில்லை. கவினேஷ் மேலாளரிடம் போய் நின்றான். எந்த மேலாளர் தினமும் அவனைத் திட்டினாரோ அவருடைய பேரனே மந்தப் பெஞ்சுதான். மஞ்சள் கிடங்கு ஒரே நாளில் காலியானது. பன்னிரண்டு மருத்துவர்கள், நாற்பது செவிலியர்கள், ஒளிக்கீற்றிகள், மரபுநோக்கிகள். கிடங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்த ஆயிரத்து நூறு குழந்தைகளின் பாதமும் மஞ்சளாகிப்போனது. தாய்மார்கள் தங்கள் இரு கைகளையும் குழந்தையின் இரு முழங்கால்களிலும் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். மூட்டழற்சி இருந்தது நானூற்று மூன்று பேருக்கு. கண்ணிலும் இருந்தது அறுபத்தொரு பேருக்கு. இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர் ஷப்னம். அந்த இருவரின் பெயரை மட்டும் தன்விகா தன் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

தை பிறந்தபோது ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கவினேஷ் வழக்கம்போலத் தோளைக் காட்டிக் குனிந்து நின்றான். காத்தாயி அவனைத் தாண்டிக் குளியலறைக்கு ஓடினாள். அவன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றான்.

“தன்வி,” என்று கூப்பிட்டான்.

தன்விகாவுக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இத்தனைக்கும் காரணமான தப்புக் கணக்கை அடியோடு மாற்றிவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. கழித்தல் தப்பு என்றால் கூட்டல் சரி. மாப்பிள்ளை புள்ளியையும் பெண் புள்ளியையும் கூட்டு. நான்குக்குள் இருந்தால் பொருத்தம். அதற்கு மேல் போனால் ‘தவிர்க்கவும்’. பொருத்தகத்துக்கான புதிய விதியை அவளே உட்கார்ந்து எழுதினாள். லோகித் துள்ளிக் குதித்தார். ‘கூட்டல் பொருத்தம், அறிவியல் முறைப்படி’ என்று பதாகை அடிக்கக் கொடுத்துவிட்டார். நாறிப்போகும் என்று அவர் பயந்த மையத்தின் வாசலில், கல்யாண வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வரிசை கட்டினார்கள்.

டாக்டர் ஷப்னத்துக்கு மட்டும் முகம் தெளியவில்லை. தொலைபேசியில் சொன்னார்:

“தன்விகா, புள்ளி யாரைக் கவனிக்கணும்னு சொல்லும். யாரு யாரைக் கட்டணும்னு சொல்லாது. நூத்துல நாலுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்குதுங்க டாக்டர். அந்த நாலு பேரும் வலியில அழறாங்களே. இன்னொரு கொழந்தை அப்படி அழக்கூடாதுங்க.”

“அழாம பார்த்துக்கத்தான் மருந்து இருக்கே.”

“வராமயே இருந்துட்டா இன்னும் நல்லதுதானுங்களே?”

புதிய முறையின் தொடக்க விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

மாசி முகூர்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, கூட்டல் பொருத்தத்தின் தொடக்க விழா. மண்டபம் நிரம்பி வழிந்தது. புள்ளி உள்ளவர்கள், புள்ளி இல்லாதவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். மேடையில் லோகித் தன்விகாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். நானூற்று மூன்று குழந்தைகளின் பெயரையும் ஒருவர் விடாமல் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். தன்விகாவுக்கு மார்பு விம்மியது. இப்படி ஒரு நாள் தன் வாழ்க்கையில் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“மொத ஜோடியா யாரைப் போடலாம்?” என்று லோகித் கூட்டத்தைக் கேட்டார். “எல்லாத்துக்கும் காரணமான நம்ம தன்விகா அம்மிணி, கவினேஷ் தம்பி ஜோடியவே போட்டுக் காட்டிருவோம். பொத்தானை நம்ம காத்தாயி அமுத்தட்டும்.”

காத்தாயி மேடைக்கு ஓடியே வந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்துக் கூட்டம் ஆரவாரித்தது. பட்டுப்பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்தினாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தன்விகாவுக்கு அப்போதுதான் கூட்டல் மனதில் ஓடியது. மூன்றும் மூன்றும்.

பொருத்தகம் இனிய குரலில் சொன்னது:

“பெண் மூன்று, ஆண் மூன்று. கூட்டுத்தொகை ஆறு. இந்த இணையைத் தவிர்க்கவும். பெண்ணுக்கு ஏற்ற மாற்று வரன்கள், இருநூற்றுப் பதினான்கு.”

முன்வரிசையில் யாரோ, “பாத்தீங்களா, எவ்வளவு கரெக்டா சொல்லுது,” என்றார். கூட்டம் கைதட்டியது. இதுவரை தட்டியதையெல்லாம்விடப் பலமாகத் தட்டியது. டாக்டர் ஷப்னம் தட்டவில்லை. மேடைக்குக் கீழே நின்ற கவினேஷ் மனைவியைப் பார்த்தான். எல்லோரும் தட்டுகிறார்களே என்று காத்தாயியும் உற்சாகமாகத் தட்டினாள்.

பிறகு திரையில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, உனக்கு வேற மாப்பிள்ளையாம்மா?”

“இல்ல கண்ணு.”

“அப்ப யாரைத் தவிர்க்கச் சொல்லுது?”

லோகித் அடுத்த ஜோடியை மேடைக்குக் கூப்பிட்டார். ஒரு பையனும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, கொஞ்சம் பயத்தோடு, படியேறி வந்தார்கள். காத்தாயி பதிலுக்காக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தன்விகாவுக்குப் பதில் தெரியும், அது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.